என் முதல் குடித்தனக்காரர்கள்

அறுபதுகளின் நடுவில், செஞ்சியில் நடந்தது இது. என் கணவர் இறந்து வருஷம் திரும்பியிருந்தது. வல்லத்துப் பக்கம் இருந்த வேர்க்கடலைக் கொல்லையைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை. அதை விற்று, கோட்டைக்குப் போகிற ரோட்டை ஒட்டி ஓட்டு வீடு ஒன்று கட்டினேன். பின்கட்டில் நான், முன்னால் இரண்டு பாகம் வாடகைக்கு. ஒரு பொம்பளை வாடகையை நம்பிப் பிழைப்பதா என்று சொந்தக்காரர்கள் சிரித்தார்கள். எனக்கென்னவோ வானத்தைப் பார்த்துக்கொண்டு உட்காருவதைவிட இது மேல் என்று பட்டது.

ஒரு பாகத்துக்கு சர்க்கார் ஆபீஸ் குமாஸ்தா ஒருவர், மனைவியோடும் இரண்டு சின்னப் பிள்ளைகளோடும் வந்தார். இன்னொன்றில் ஒரு பஸ் கண்டக்டரும் அவர் மனைவியும். இரண்டு வீட்டாரும் சம்மதிக்காத கல்யாணம். அந்தப் பெண் கலகலவென்று பேசுவாள். சாயங்காலம் பின்கட்டில் வந்து உட்கார்ந்தால், அவர் டூட்டி முடிந்து வரும்வரை எழுந்திருக்க மாட்டாள்.

பங்குனி வெயிலில் அவளுக்குக் காய்ச்சல் கண்டது. இரண்டொரு நாளில் முகமெல்லாம் முத்து. பெரியம்மை. அம்மை குத்துகிறவர் வந்து தெருவில் எல்லோருக்கும் குத்திவிட்டுப் போனார். அவளுக்கு அது பிந்திப்போயிருந்தது.

அன்றைக்கே குமாஸ்தா என் வாசலில் வந்து நின்றார். "அவங்கள எங்கனா அனுப்பிடுங்கம்மா. இல்லாட்டி நாங்க காலி பண்ணிடறோம். புள்ளைங்கள வச்சிக்கினு இன்னா பண்றது?"

அவரைக் கோபித்துக்கொள்ள முடியவில்லை. அவரும் போய்விட்டால் என் அடுப்பு எரியாது. கண்டக்டரிடம் சொல்லிவிடுவது என்றுதான் போனேன். அவர் ஏற்கெனவே பாத்திரங்களைச் சாக்கில் போட்டுக் கட்டிக்கொண்டிருந்தார். என் முகத்தைப் பார்க்காமலே, மாட்டு வண்டி ஒன்று மட்டும் பேசிவிடச் சொன்னார். எங்கே போகப் போகிறாய் என்று கேட்டேன். தெரியவில்லை என்றார். உள்ளே வாழை இலையில் கிடந்தவள், கண்ணைத் திறக்க முடியாமல், குரல் வந்த பக்கம் முகத்தை மட்டும் திருப்பினாள்.

"எங்கியும் போவாத தம்பி. சாக்க அவுத்து வை."

எப்படி அந்த வார்த்தை வந்தது என்று எனக்கே தெரியாது. வேப்பிலைக் கொத்தை நானே அவர்கள் வாசல் நிலையில் செருகினேன். குமாஸ்தா குடும்பம் சாயங்காலமே போய்விட்டது.

அவள் பிழைக்கவில்லை.

அனந்தபுரத்தில் இருந்த அவளைப் பெற்றவர்களுக்கு ஆள் போனது, யாரும் வரவில்லை. தெருவில் கதவுகள் சாத்தியே இருந்தன. அம்மையில் போனவர்களை எரிப்பதில்லை, புதைக்க வேண்டும். தூக்க நாலு பேர் வேண்டுமே. கண்டக்டர், அவருடைய பஸ் டிரைவர், வெளியூரிலிருந்து வந்த என் தம்பி. நாலாவது ஆள் கிடைக்கவில்லை. வெயில் ஏறிக்கொண்டே இருந்தது.

அப்போதுதான் குமாஸ்தா வந்தார். செருப்பை வாசலில் விட்டார். சட்டையைக் கழற்றி என்னிடம் கொடுத்தார்.

"எனக்கு சின்ன வயசுலயே அம்ம வந்து போயிடுச்சிம்மா. இனிமே வராது. புள்ளைங்களுக்காகத்தான் போனேன்."

அவர் முகத்துத் தழும்புகளை நான் தினமும் பார்த்தவள்தான். அன்றைக்குத்தான் அவை என்ன என்று யோசித்தேன். கண்டக்டர் அவர் தோளைப் பிடித்துக்கொண்டு அழுதார். அதுவரை அவர் அழவே இல்லை. பிறகு தூக்கிக்கொண்டு போனார்கள்.

கண்டக்டர் வேறு ரூட் கேட்டு வாங்கிக்கொண்டு ஊரைவிட்டே போனார். குமாஸ்தா திரும்பவும் குடிவரத் தயார்தான், ஆனால் அவர் மனைவிக்குப் பயம் தெளியவில்லை. அம்மை போட்ட வீடு என்று பேராகிவிட்டது. சுவருக்குப் புதிதாகச் சுண்ணாம்பு அடித்தும் ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை. பொங்கல் வரை இரண்டு பாகமும் பூட்டியே கிடந்தன. தம்பி கொண்டுவந்து போட்ட கேழ்வரகில்தான் காலம் தள்ளினேன். சாயங்காலமானால் பின்கட்டில் உட்காரப் பிடிக்காமல் உள்ளே போய்விடுவேன்.

அப்புறம் எத்தனையோ பேர் வந்தார்கள், போனார்கள். ஆனாலும் புதிதாக யாராவது வீடு கேட்டு வரும்போது, அவர்களுக்கு வரப்போகிற நல்லது கெட்டதும் கூடவே என் வீட்டுக்குள் வருகிறது என்று அந்தப் பங்குனியில் பிடித்த பயம், இன்றுவரை என்னை விட்டுப் போகவில்லை.