ரெஸ்ட் எடுக்கணும், கேட்டியா

ரெஸ்ட் என்ற சொல் எங்கள் பக்கம் செல்லாத இடம் கிடையாது. மார்த்தாண்டத்தில் என் சட்டைகளைத் தைப்பவருக்கு ஞாயிற்றுக்கிழமை ரெஸ்ட். ஓயாமல் ஓடும் மோட்டாருக்கு நடுவில் கொஞ்சம் ரெஸ்ட். பேச்சிப்பாறைப் பக்கம் எனக்கிருக்கும் கொஞ்சம் ரப்பர் மரங்களுக்கு, இலை உதிர்ந்து மறுபடி தளிர்க்கும் வரை ரெஸ்ட். அந்த நாட்களில் எவனாவது பால் வெட்டும் கத்தியோடு அந்தப் பக்கம் போனால் நான் சும்மா விடமாட்டேன். நான் வேலையிலிருந்து ஓய்வு பெற்றபோதும் "சாருக்கு இனி ரெஸ்டுதான்" என்றுதான் சொன்னார்கள். ஓய்வு என்ற சொல் பென்ஷன் ஆர்டரோடு நின்றுவிட்டது.

இந்த மழைக்காலத்தில் அந்தச் சொல் என் மனைவிக்கு வந்தது. நாகர்கோவிலில் கர்ப்பப்பை ஆபரேஷன். வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டரம்மா, "குனியக் கூடாது, கனம் தூக்கக் கூடாது, முழு ரெஸ்ட்" என்றார். நான் பெரிய பொறுப்புள்ளவனைப் போலத் தலையாட்டினேன். கட்டிலை ஹாலுக்கு இழுத்து ஃபேனுக்கு நேராகப் போட்டேன். சாப்பாட்டுக்கு அடுத்த தெரு மெஸ்ஸில் சொல்லிவைத்தேன். என் கடமை முடிந்தது என்று எனக்கே ஒரு திருப்தி.

பிறகு ஆட்கள் வரத் தொடங்கினார்கள். ஆபரேஷன் முடிந்தவரைப் போய்ப் பார்க்காமல் விட்டால் எங்கள் சொந்தத்தில் அது ஆயுளுக்கும் பேச்சாகிவிடும். வருகிறவர்கள் ஏத்தம்பழமோ பிஸ்கட்டோ இல்லாமல் வரமாட்டார்கள். வந்தவர்களை வெறும் வாயோடு அனுப்பும் வழக்கமும் கிடையாது.

முதலில் வந்தது என் அக்கா. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, "மக்கா, நல்லா ரெஸ்ட் எடுக்கணும், கேட்டியா? இப்ப விட்டா பொறவு இடுப்பு நிக்காது" என்றாள்.

"ஆமா மைனி" என்றபடி என் மனைவி எழுந்திருக்கப் பார்த்தாள். அக்கா வேண்டாம் என்றாள். அந்த வேண்டாம் மரியாதைக்கு என்பது அங்கிருந்த மூவருக்கும் தெரியும். நான் என்ன செய்திருக்க வேண்டும்? அடுக்களை நாலு எட்டு வைக்கிற தூரம்தான். சாயா போட எந்தப் படிப்பும் வேண்டாம். நான் சொன்னது இதுதான்: "ஏட்டி, அக்காவுக்குச் சீனி கொறச்சுப் போடு."

அதற்குப் பிறகு யார் வந்தாலும் அதே கதைதான். ரெஸ்ட் எடு என்று சொல்ல வந்தவர்களுக்கெல்லாம் அவள் ஒரு கையால் அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு சாயா போட்டாள். நான் ஹாலில் அவர்களோடு உட்கார்ந்து, டாக்டர் என்னென்ன செய்யக் கூடாது என்றார் என்பதை விளக்கிக்கொண்டிருந்தேன். உள்ளே அவள் குனிந்து கீழ்த்தட்டிலிருந்து பால் சட்டியை எடுக்கும் சத்தம் கேட்டது. எனக்குக் காது நன்றாகவே கேட்கும். சோம்பேறித்தனம் என்று சொல்லித் தப்பிக்கவும் வழியில்லை. நாலு பேர் பார்க்க அடுக்களைக்குள் போக எனக்குக் கூச்சமாக இருந்தது, அவ்வளவுதான். நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

ஒரு காலையில் அவள் சேலையில் ஈரம் தெரிந்தது. தையல் ஒரு ஓரத்தில் பிரிந்து நீர் கசிந்திருந்தது. பதறிப்போய்க் கார் பிடித்து மறுபடியும் நாகர்கோவிலுக்கு ஓடினோம்.

டாக்டரம்மா பார்த்துவிட்டுக் கத்தினார். "படிச்சுப் படிச்சுச் சொன்னேனே! ரெஸ்ட் எடுத்தீங்களா, இல்லையா?"

அவள் தரையைப் பார்த்தபடி, "எடுத்தேன் டாக்டர். வந்தவியளுக்கு இடையில சாயா மட்டும் போட்டேன்" என்றாள்.

"உங்ககிட்ட யாரு சாயா கேட்டா?"

அந்த இடத்தில் பதில் சொல்ல வேண்டியவன் நான். நான் ஸ்கேன் கவருக்குள் இருந்த பேப்பர்களை அடுக்கிக்கொண்டிருந்தேன். திட்டு முழுவதும் அவளுக்கே விழுந்தது. கடைசியில் டாக்டரம்மா என் பக்கம் திரும்பி, "நீங்களும் பாவம் சார், இந்த வயசுல இப்படி அலையுறீங்க" என்றார்.

அப்போதுதான் அவள் நிமிர்ந்தாள். "ஆமா டாக்டர். இவியளுக்குத்தான் ஒரு ரெஸ்டும் இல்ல."

கிண்டல் செய்கிறாளோ என்று முகத்தைப் பார்த்தேன். கிண்டலாக இருந்திருந்தால் பிழைத்திருப்பேன். அவள் மனதார நம்பித்தான் சொன்னாள்.