அந்தப் பட்டியலைக் கொடுத்தது நளீம் நானா இல்லை

நளீம் நானா போய்விட்டார்.

நேற்றுக் காலை கடைக்குப் போன என் கணவர் பாண் வாங்காமலே திரும்பி வந்து சொன்னார். நெஞ்சுவலியாம்... பின்னேரத்துக்குள் அடக்கமும் முடிந்துவிட்டது. முகம் பார்க்கக் கிடைக்கவில்லை.

கிண்ணியா ஆள். முஸ்லிம் அண்ணன்மாரை நாங்கள் நானா என்றுதான் கூப்பிடுவோம். துறைமுகத்துக்குப் பக்கத்தில் என் கணவர் வேலை செய்யும் ஒபிஸில் கம்ப்யூட்டர் பகுதிக்குப் பொறுப்பாக இருந்தவர். எங்கள் தெருவிலும் அவரைத் தெரியும். ஆனால் "சனத்தின்ர விபரத்தைக் கள்ளனுக்குக் குடுத்தவன்" என்றுதான் தெரியும்.

அது பொய். அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

கள்ள மெயிலை எப்படிக் கண்டுபிடிப்பது என்று ஒபிஸ் ஆட்களுக்குச் சனிக்கிழமைகளில் வகுப்பு வைத்தார். எங்கள் தேவாலயப் பங்கின் அன்னையர் சங்கக் கணக்கை நான் வீட்டுக் கம்ப்யூட்டரில் தட்டித் தட்டிப் பழகி எழுதுகிறவள் என்று கேள்விப்பட்டு, என்னையும் வரச் சொன்னார்.

"கள்ளனுக்கு ஒபிஸ் ஆள், வீட்டு ஆள் எண்டு இல்ல தங்கச்சி. வாங்க, ஃபேனுக்குக் கீழ இரிங்க."

முதல் வகுப்பன்று காலையில் எல்லோருக்கும் மனேஜர் பெயரில் ஒரு மெயில். இன்று மத்தியானம் புரியாணி, பெயர் பதிய இங்கே கிளிக் பண்ணவும். என் கணவர் இரண்டு தரம் கிளிக் பண்ணினார்... ஒன்று வீட்டுக்காம்.

பன்னிரண்டு மணிக்கு நளீம் நானா எழும்பி, "அதை அனுப்பின கள்ளன் நான்தான்" என்றார்.

"நானா, பகிடிக்கும் ஒரு அளவு இருக்கு. பசிக்குது!" என்று பின்னாலிருந்து ஒருவர் கத்தினார்.

சிரித்துக்கொண்டே போய் மோட்டார் சைக்கிளில் இருந்து இரண்டு பெரிய சட்டிகளை இறக்கினார். மனைவி சமைத்தது. "மெயில்தான் கள்ளம். சோறு கள்ளமில்ல, தின்னுங்க."

அன்று அவர் சொன்னதை எல்லாம் கொப்பியில் எழுதினேன். "பேரைப் பாக்காதீங்க, பேருக்குப் பின்னால இருக்கிற விலாசத்தைப் பாருங்க. சந்தேகமா, உங்களிட்ட முந்தியே இருக்கிற நம்பருக்குக் கோல் எடுங்க. எவ்வளவு பெரிய ஆளெண்டாலும் கேளுங்க."

சிவப்பு மையால் கோடும் போட்டேன்...

பிறகு ஒரு நாள் எங்கள் ஃபாதரின் பெயரில் எனக்கு ஒரு மெயில் வந்தது. தியானத்தில் இருக்கிறேன், கதைக்க ஏலாது, யுத்தத்தில் காணாமல் போனவர்களுக்காக ஒரு பூசை வைக்க வேண்டும், குடும்பங்களின் விபரத்தை உடனே அனுப்புங்கள்.

அந்தப் பட்டியல் என்னிடம்தான் இருந்தது. அந்தப் பெயர்களை இறந்தோர் பட்டியலில் சேர்க்கத் தாய்மார் விடமாட்டார்கள். அதனால் தனியாகச் செய்து வைத்திருந்தேன். பெயர், வீட்டு ஃபோன் நம்பர், கடைசியாகப் போட்டிருந்த உடுப்பு... ஒரு பிழை இல்லாமல், நிரை நிரையாக.

பத்து நிமிஷத்தில் அனுப்பிவிட்டேன்.

இரண்டு நாள் கழித்துப் பிலோமினா அக்கா ஓடி வந்தார். "பிள்ளை, என்ர மகன் உயிரோட இருக்கிறானாம்! ஆரோ கோல் எடுத்துச் சொன்னவங்கள். வெளியில எடுக்கக் காசு கட்டட்டாம். அவன்ர நீலக்கோட்டுச் சேட்டையும் சொல்லுறாங்களடி!"

அடகு வைக்கக் கழற்றிய தோடு இரண்டையும் லேஞ்சித் துணியில் முடிந்து வைத்திருந்தார்.

சேட்டின் நிறம் என் பட்டியலில் இருந்தது.

நேரே நளீம் நானாவிடம் ஓடினேன். மெயிலைத் திறந்து ஃபாதரின் பெயருக்குப் பின்னால் இருந்த விலாசத்தைக் காட்டினார். யாரோ ஒருவனுடையது.

"ஃபாதருக்குக் கோல் எடுக்கல்லையா?"

"தியானத்தில இருக்கிறவரைக் குழப்பக்கூடாதெண்டு..."

"அது கள்ளனுக்கும் தெரியும் தங்கச்சி."

அதற்கு மேல் ஒரு சொல் ஏசவில்லை. பட்டியலில் இருந்த எல்லா வீட்டுக்கும் அவரே கோல் எடுத்தார். "கள்ளன் கதைப்பான், நம்பாதீங்க" என்றார்.

"எங்கட நம்பர் உமக்கு எப்படிக் கிடைச்சது?" என்று வீட்டுக்கு வீடு கேட்டார்கள். அவர் பதில் சொல்லவில்லை. என்னைப் பார்க்கவும் இல்லை.

பிலோமினா அக்காவிடம் நேரில் போனோம்.

"என்ர பிள்ளை இல்லையெண்டு சொல்ல நீர் ஆர்?"

"இல்லையெண்டு நான் சொல்லல்ல அம்மா. கோல் எடுத்தவன் சொன்னது பொய் எண்டு மட்டும்தான் சொல்றன்."

கதவை அடித்துச் சாத்தினார். என்றாலும் காசு கட்டப் போகவில்லை, தோடு தப்பியது. ஆனால் கம்ப்யூட்டர்காரன்தான் விபரத்தை விற்றவன் என்ற கதை அன்றே தெருவில் தொடங்கிவிட்டது.

"உங்களுக்கு எப்ப ஏலுமோ, அப்ப நீங்களே உண்மையச் சொல்லுங்க தங்கச்சி" என்று ஒரேயொரு தரம் சொன்னார் நளீம் நானா. பிறகு அந்தக் கதையையே எடுக்கவில்லை.

நான் ஃபாதரிடம் பாவசங்கீர்த்தனத்தில் சொன்னேன். அபராதச் செபமும் சொல்லி முடித்தேன். அதோடு சரி என்று நினைத்துவிட்டேன்... ஆண்டவருக்குச் சொன்னதைத் தெருவுக்குச் சொல்லவில்லை.

இன்று காலைப் பூசை முடிந்து பிலோமினா அக்கா வீட்டுக்குப் போனேன். மீன் வெட்டிக்கொண்டிருந்தார். பட்டியலை அனுப்பியது நான் என்று சொன்னேன்.

கத்தி நின்றது.

"அந்த மனுசன் என்னைக் கண்டா மோட்டார் சைக்கிளை நிப்பாட்டி 'சுகமா அம்மா' எண்டு கேக்கும். நான் காறித் துப்பிப்போட்டுப் போனனான். ஒரு தரம் இல்லையடி."

கத்தியைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"நீ பாத்துக்கொண்டுதானே நிண்டனீ?"

"ஓம் அக்கா."

கையைக் கழுவிவிட்டு உள்ளே போனார். திரும்பி வரவில்லை.

நளீம் நானா... உங்களுக்குக் கேட்கும் காலத்தில் இதைச் சொல்லவில்லை. மன்னியுங்கள்.

இறைவன் உங்களை ஏற்றுக்கொள்ளட்டும்.