பிரஷாந்தினி விட்டுக்கொடுக்காத கிலோமீற்றர்

பிரஷாந்தினிக்கு வாய் அதிகம் என்று வவுனியாவில் எங்கள் அலுவலகம் முழுக்கக் கதை. பக்கத்துக் கதிரையில் இருந்தவள் நான். எனக்கு அந்த வாயைப் பிடிக்கும்.

வடக்கே போகும் ரயில் பாதையைக் கணினியில் ஏற்றுவதுதான் எங்கள் வேலை. எந்தப் பாலம், தெரு குறுக்கிடும் எந்தக் கடவை எங்கே இருக்கிறது, இடையில் தண்டவாளம் எவ்வளவு நீளம் என்று பதிய வேண்டும். அதை வைத்துத்தான் காவல் இல்லாத கடவைகளுக்கு மணியும் தடைக்கம்பமும் போடுவார்கள். கனகராயன்குளத்துக்கு உள்ளே, பிரஷாந்தினியின் ஊர்க் கடவையும் அதில் ஒன்று. போன மாரியில் அவள் அப்பா வீரபாகுவின் லான்ட்மாஸ்டர் உழவு இயந்திரத்தை ரயில் அடித்தது அங்கேதான். மனுஷன் குதித்ததால் பிழைத்தார். எழுபத்தேழு கலவரத்தில் மலையகத்திலிருந்து ஓடிவந்து காடு வெட்டிக் குடியேறிய சனத்தின் ஊர் அது. வயலுக்குப் போக வேறு வழி கிடையாது.

சிக்கல் ஒரு வளைவில் வந்தது. போருக்குப் பிறகு பாதையைப் புதிதாகப் போட்டபோது அந்த வளைவை நிமிர்த்திவிட்டார்கள். பாதை குறைந்தது. ஆனால் பாலங்களும் கடவைகளும் பழைய இலக்கத்தால்தான் அறியப்பட்டவை என்பதால், அதற்கப்பால் கிலோமீற்றர் கற்களைப் பழைய இலக்கத்தோடேயே நட்டார்கள். ஆக, அந்த இடத்தில் ஒரு கிலோமீற்றர் என்பது முக்கால் கிலோமீற்றர்தான். இதற்கு விதிமுறை உண்டு. கல்லின் இலக்கத்தையும் அளந்த நீளத்தையும் தனித்தனியே எழுதி, இலக்கம் தாண்டுகிற இடத்தைக் குறிக்க வேண்டும். பிரஷாந்தினி அப்படியே எழுதினாள். எங்கள் நிறுவனம் மலிவாக வாங்கிய சரிபார்ப்பு மென்பொருளுக்கு அது விளங்கவில்லை. பிழை பிழை என்று சிவப்பாகக் காட்டியது.

மேலாளர் சஜீவன் வந்து நின்றார்.

“குறையிற கால் கிலோமீற்றரை எல்லாக் கல்லுக்கும் பிரிச்சுப் போடும் பிள்ளை. சிவப்புப் போயிடும்.”

“கடவையும் போயிடும் சேர், காட்டுக்குள்ள. மணியைக் கொண்டுபோய் அங்கதான் நடுவாங்கள்.”

“உம்மட ஊர் எண்டபடியாத்தான் இப்பிடி நிக்கிறீர்.”

“ஓம், என்ர ஊர்தான். அதுக்கென்ன?”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஊர்க்காரியாக இருப்பதும் ஒரு குற்றமா? அவளோ எழும்பி, விசைப்பலகையை அவர் பக்கம் திருப்பினாள்.

“நீங்களே மாத்துங்கோ. மாத்தினது ஆரெண்டு கணினி கேக்கும். உங்கட பேரை அடியுங்கோ.”

சஜீவன் கையைப் பொக்கற்றுக்குள் வைத்துக்கொண்டார். கோப்பு அவள் எழுதியபடியே மேலே, ரயில்வேக்குப் போனது. அங்கே ஒருவரும் குறை சொல்லவில்லை. ஆனாலும் ஒத்துழைப்புப் போதாது என்று அவளுடைய ஒப்பந்தத்தை எங்கள் நிறுவனம் நீட்டிக்கவில்லை. வெட்கங்கெட்ட வேலை.

அடுத்த வருஷ அறுவடைக்கு அவள் வீட்டுக்குப் போனேன். வீரபாகு வாடகை லான்ட்மாஸ்டரில் நெல் மூட்டைகளை ஏற்றிக்கொண்டு வர, நாங்கள் மூட்டைமேல் இருந்தோம். மழை இருட்டிக்கொண்டு வந்தது. சரியாக, வயல் ஒழுங்கை தண்டவாளத்தைத் தொடும் முனையில் மணி அடித்து, தடைக்கம்பம் எங்கள் முன்னால் இறங்கியது.

“சனியன், இப்பதான் அடிக்கோணுமா? நெல்லு நனையப்போகுது!” என்று கத்தினார் வீரபாகு.

“பேசாதேங்கோ அப்பா,” என்றாள் பிரஷாந்தினி. “அது என்ர மணி. அடிச்சு முடியுமட்டும் நில்லுங்கோ.”

அவர் எஞ்சினை நிறுத்தினார்.