அவையில் பேசிய மேரி

செய்தி வந்தபோது வல்லம் வடகாலில் எங்கள் ஆலையின் வாசலில் நின்றிருந்தேன். முதல் ஷிப்ட் முடிந்து பெண்கள் கம்பெனி பேருந்துகளைத் தேடிப் போய்க்கொண்டிருந்தார்கள். செல்போனில் சகாயமேரியின் பெயர் வந்தது. ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்குக் கூப்பிடுகிறாள் என்று நினைத்து, எப்போதும்போல எடுக்காமல் விட்டேன். இரண்டாவது முறை அடித்தபோது எடுத்தேன். பேசியவர் அவள் கணவர் ஆரோக்கியம்.

"செல்வி, மேரி நம்மள வுட்டுப் பூட்டாம்மா. காலைல மார வலிக்குதுன்னா. ஆஸ்பத்திரி போறதுக்குள்ள முடிஞ்சிட்சி."

"எந்த மேரி?" என்று கேட்டேன். அப்படிக் கேட்டதை நினைத்தால் இப்போதும் கூசுகிறது. முதல் அழைப்பு அவளுடையது அல்ல என்று இன்று தெரியும். ஆனால் அவளுடையது என்று நினைத்துத்தானே எடுக்காமல் விட்டேன்.

நம் ஞாயிறு வாசிப்பு வட்டத்தில் இருக்கும் உங்களுக்கு மேரியை நான் அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. வட்டத்தைத் தொடங்கியவளே அவள்தான். ஆனால் அவளுக்கும் எனக்கும் நடுவில் நடந்த ஒன்று உங்களில் பலருக்குத் தெரியாது. அதைச் சொல்லாமல் அவளுக்கு அஞ்சலி எழுத என்னால் முடியவில்லை.

சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து டிப்ளமா முடித்து வேலைக்கு வந்த புதிதில் நான் படப்பையில் ஒரு விடுதியில் இருந்தேன். கம்பெனி பேருந்து அங்கே கிளம்பி சேரப்பணஞ்சேரியில் நிற்கும். அங்கே ஏறுவாள் மேரி. என் வயதுதான். கார்களுக்குள் போகும் ஒயர் கட்டுகளைத் தயாரிக்கும் லைனில் அவளும் என்னைப்போல ஆபரேட்டர். பையில் சாப்பாட்டு டப்பாவோடு ஒரு நூலகப் புத்தகம் எப்போதும் இருக்கும். பெரும்பாலும் யாராவது ஓர் அரசர், ராணி அல்லது படைத்தலைவரின் வாழ்க்கைக் கதை. ஒரு நாள் அவள் படித்துக்கொண்டிருந்த பக்கத்தை எட்டிப் பார்த்தேன். குற்றமற்ற ஒருவனுக்கு ராஜதுரோகி என்று மரண தண்டனை விதித்த ஒரு மன்னனின் கதை. புத்தகத்தை மூடிவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"அந்த ராஜா கெட்டவன், சரி. சபைல அத்தினி பேரு உக்காந்துகினு இருந்தாங்களே, மந்திரி, புலவருன்னு, அவங்க இன்னா பண்ணாங்க? ஒருத்தன் பேரு கூட போடல பாரு."

அன்றிலிருந்து ஒரே இருக்கையில்தான் உட்கார்ந்தோம். எந்த வரலாற்றைப் படித்தாலும் மேரி இந்த இடத்தில்தான் போய் நிற்பாள். வென்றவர்களும் தோற்றவர்களும் அவளுக்கு அவ்வளவு முக்கியமில்லை. நடப்பது தப்பு என்று தெரிந்தும் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர்களைத்தான் அவள் தேடினாள்.

தேவாலயப் பள்ளியின் ஒரு வகுப்பறையைக் கேட்டு வாங்கி, ஞாயிறு மதியங்களில் அவள் கூட்டம் தொடங்கியது அதற்குப் பிறகு. முதல் கூட்டத்துக்கு ஏழு பேர் வந்தோம், எல்லாரும் விடுதிப் பெண்கள். பழைய இலக்கியத்தில் பிரிவைப் பற்றி மேரி பேசினாள். பொருள் தேடிக் கணவன் வறண்ட வழியில் போவதும், மனைவி வீட்டில் நாள் எண்ணிக் காத்திருப்பதும் எத்தனை பாட்டுகளில் வருகின்றன என்று சொல்லிவிட்டு எங்களைப் பார்த்தாள்.

"இப்போ கிளம்பி வந்தது யாரு? நீங்க தானே? அப்போ வூட்ல காத்துகினு கீறவங்கள பத்தி யாரு பாடறது?"

சிரித்தோம். ராமநாதபுரம் பக்கத்திலிருந்து வந்திருந்த ஒருத்தி மட்டும் சிரிக்கவில்லை. மூன்று வயதுக் குழந்தையை மாமியாரிடம் விட்டுவிட்டு வந்தவள். அவள் அழத் தொடங்கியதும் மேரி பேச்சை நிறுத்திவிட்டாள். எழுந்து போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்து, குழந்தையின் பெயரைக் கேட்டாள், என்னவெல்லாம் பேசுகிறது என்று கேட்டாள். அன்றைய கூட்டம் அந்தக் குழந்தையைப் பற்றிப் பேசியே முடிந்தது.

நான் எழுதத் தொடங்கியதும் அங்கேதான். அரசவைகளில் வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்தவர்களைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினேன். சென்னையில் ஒரு சிற்றிதழில் வந்தது. பலர் பாராட்டினார்கள். கருத்து மேரியுடையது, வாக்கியங்கள் மட்டுமே என்னுடையவை. அவள் பெயரை நான் எங்கும் குறிப்பிடவில்லை. அவளோ அந்த இதழை வட்டத்துக்குக் கொண்டு வந்து, "நம்ம செல்வி எழுதுனது, கேளுங்கமே" என்று முழுதும் வாசித்தாள்.

அந்தக் கட்டுரை வெளிவந்த மூன்றாவது மாதம் அந்த விபத்து நடந்தது. அப்போது நான் லைனின் சூப்பர்வைசராகியிருந்தேன். மேரி ஒப்பந்தத் தொழிலாளியாகவே இருந்தாள். வல்லம் வடகாலைச் சேர்ந்த ராஜேஸ்வரி, எங்கள் இருவரைவிடவும் மூத்தவர், பிரஸ் என்னும் அழுத்து இயந்திரத்தில் வேலை செய்துகொண்டிருந்தார். அதன் கதவு திறந்திருந்தால் பிரஸ் இறங்கக் கூடாது. அதற்கென்றே ஒரு சென்சார் உண்டு. உற்பத்தி தாமதமாகிறது என்று மூன்று நாளாக அதை வேலை செய்யாமல் கட்டிப்போட்டிருந்தார்கள். எனக்குத் தெரியும். பராமரிப்புப் பிரிவில் ஒரு முறை சொன்னேன். "இந்த மாசம் லோடு முடியட்டும் மேடம்" என்றார்கள். நானும் விட்டுவிட்டேன். நான்காம் நாள் காலை ராஜேஸ்வரியின் வலது கையில் இரண்டு விரல்கள் போயின.

விசாரணை ஒரு குளிரூட்டிய அறையில் நடந்தது. அதிகாரிகள் மூவர், நான், சாட்சியாக மேரி. சென்சார் வேலை செய்ததா என்று அவளிடம் கேட்டார்கள்.

"இல்ல சார். மூணு நாளா பைபாஸ் பண்ணி வெச்சிருந்தாங்க. செல்வி மேடத்துக்கும் தெரியும்."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். எனக்கு வேலை நிரந்தரமாகும் ஆணை அந்த வாரம் வரவிருந்தது. ஊரில் அப்பாவுக்கு வேலை செய்ய முடியாத நிலை. இவை காரணங்கள்தான், ஆனால் அந்த நேரத்தில் இவற்றை எல்லாம் எண்ணிப் பார்த்தேன் என்று சொன்னால் அது பொய். பயந்தேன், அவ்வளவுதான்.

"எனக்குத் தெரிஞ்சு சென்சார் வேலை செஞ்சது சார்" என்றேன்.

மேரி என்னைப் பார்க்கவில்லை. மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆபரேட்டரின் கவனக்குறைவு என்று அறிக்கை எழுதப்பட்டது. ராஜேஸ்வரி அதோடு வேலைக்குத் திரும்பவில்லை. மேரியைப் பேக்கிங்குக்கு மாற்றினார்கள். ஒப்பந்தம் முடிந்ததும் வரவேண்டாம் என்றார்கள். எனக்கு ஆணை வந்தது.

அவள் திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். ஒரு வார்த்தை சொல்லவில்லை. வாராவாரம் கூட்டத்துக்கு அழைத்தாள். ஒரு வருடம் நான் போகவில்லை. பிறகு ஒரு ஞாயிறு போனேன். தவறான தீர்ப்புச் சொல்லிவிட்டு, உண்மை தெரிந்ததும் அரியணையிலேயே உயிர்விட்ட அரசனைப் பற்றி அன்று பேச்சு. எவ்வளவு பெரிய மனம் என்று ஒருத்தி வியந்தாள். மேரி ஒத்துக்கொள்ளவில்லை.

"செத்துப் பூட்டா சரியா பூடுமா? உசுரோட இருந்து, நான் சொன்னது தப்புன்னு ஊரக் கூட்டி சொல்லியிருக்கணும். அது தான்மே கஷ்டம்."

யாரையும் பார்த்துச் சொல்லவில்லை. ஆனால் எனக்குக் காது சுட்டது. கூட்டம் முடிந்து பேருந்து நிறுத்தம்வரை கூடவே வந்தாள். ஒருவழியாக வாய் திறந்தேன்.

"மேரி, அன்னைக்கு அந்த ரூம்ல நான்..."

அவள் கையை உயர்த்தி நிறுத்தினாள். குரலில் கோபம் இல்லை. "என்கிட்ட இன்னாத்துக்கு சொல்ற? ராஜேஸ்வரி அக்கா வூடு தெரியும்ல?"

"தெரியும். போறேன் மேரி. கண்டிப்பாப் போறேன்."

போகவில்லை. ஆலைக்குப் போகும் பேருந்து அவர் தெருமுனையைத் தாண்டித்தான் போகும். இரண்டு வருடம் தினமும் தாண்டினேன். மேரியின் அழைப்புகளையும் எடுக்காமல் விடப் பழகினேன்.

அடக்கத்தன்று தேவாலயத்தில் இடமில்லை. விடுதிப் பெண்கள் ஷிப்ட் சட்டையோடே வந்து வெளியே நின்றார்கள். ராஜேஸ்வரி பெட்டியின் அருகில் நின்று, மூன்று விரல் கையால் மாலைகளை ஒழுங்கு செய்துகொண்டிருந்தார். அவர் என்னைப் பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அங்கேயும்.

மேரி இறந்த எட்டாம் நாள் ராஜேஸ்வரியின் வீட்டுக்குப் போனேன். கதவைத் திறந்து, ஒன்றும் கேட்காமல் உள்ளே கூப்பிட்டு நாற்காலி போட்டார். உட்காரவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். சென்சார் கட்டியிருந்தது எனக்குத் தெரியும் என்பதையும், அது வேலை செய்தது என்று பொய் சொன்னதையும். அவர் கேட்டு முடித்தார்.

"தெரியும்மே. மேரி அன்னிக்கே சொல்லிட்சி."

அப்போதுதான் அந்த நாற்காலியில் உட்கார்ந்தேன்.

"நான் உன்ன அவ்ளோ திட்டுவேன். அது விடாது. 'செல்வி வரும்க்கா. வந்தா கதவ சாத்திடாத'ன்னு சொல்லிகினே இருக்கும். போன மாசம் கூட சொல்லிச்சு." பிறகு கேட்டார். "அது இருக்கறப்ப வந்திருக்கக் கூடாதா நீ?"

அழுதேன். அவர் ஆறுதல் சொல்லவில்லை. நான் முடிக்கும்வரை காத்திருந்து, பேரனின் நோட்டிலிருந்து இரண்டு தாள் கிழித்து என் முன்னால் வைத்தார்.

"வாயால சொன்னா எனக்கு இன்னா ஆவும்? எழுதிக் குடு."

எழுதினேன். கையெழுத்திட்டு அவரிடம் கொடுத்தேன். மறுநாள் அதன் நகலை ஆலை நிர்வாகத்துக்கும் தொழிலாளர் துறை அலுவலகத்துக்கும் நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். என்னைப் பணியிலிருந்து நிறுத்தி வைத்திருக்கிறார்கள். ராஜேஸ்வரியின் விபத்து விசாரணையை மறுபடி எடுப்பார்களா என்று இன்னும் தெரியவில்லை. எடுத்தால், யார் முன்னால் கேட்டாலும் இதையே சொல்வேன்.

மேரியின் புத்தகங்களை ஆரோக்கியம் வட்டத்துக்கே கொடுத்துவிட்டார். எனக்கென்று ஒன்று எடுத்துக்கொள்ளச் சொன்னார். நான் எடுக்கவில்லை. அவளிடமிருந்து எனக்கு வரவேண்டியது ராஜேஸ்வரியின் வீட்டில் கிடைத்துவிட்டது. நான் பொய் சொன்ன பிறகும், வருகிறேன் என்று சொல்லி வராமல் இருந்த பிறகும், நான் வருவேன் என்று இன்னொருவர் வீட்டில் ஒருத்தி சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறாள். அந்த நம்பிக்கைதான் நான் வைத்துக்கொண்டிருப்பது. நீ சொன்னது பொய்யில்லை, மேரி. நான்தான் எட்டு நாள் பிந்திவிட்டேன்.