காணாமல் போனவளுக்கு என்ன அடையாளம்?

எழுபதுகளில் புரட்டாசிச் சனிக்கிழமை திருப்பதி பஸ் நிலையத்தில் இறங்கியவர்கள் அத்தனை பேரும் ஆதிநாராயணனின் குரலைக் கேட்டிருப்பார்கள். முகத்தைப் பார்த்தவர்கள் சொற்பம். வேப்பமரத்தில் கட்டியிருந்த குழாய் ஒலிபெருக்கியிலிருந்து தமிழில் ஒரு தடவை, தெலுங்கில் ஒரு தடவை என்று அந்தக் குரல் இறங்கி வரும். கூட்டத்தில் கை நழுவிய குழந்தையை, வழி தெரியாமல் நிற்கும் மாமனாரை, செருப்பை மட்டும் விட்டுவிட்டுக் காணாமல் போன தாயை அது பெயர் சொல்லிக் கூப்பிடும்.

அவருக்கு ஊர் நகரி. தறிக் குடும்பம். தறிச் சத்தத்துக்கு மேலே பேசிப் பேசியே பெருத்த தொண்டை. யாத்திரிகர்களுக்கு உதவும் சேவா சங்கம் ஒன்று பஸ் நிலையத்தில் தகர அறை போட்டு மைக் வைத்தபோது, இந்த மனிதருக்கு மைக்கே வேண்டாம் என்று சிரித்துக்கொண்டே அவரை வேலைக்கு எடுத்துக்கொண்டார்கள்.

யார் அழுதுகொண்டு வந்து நின்றாலும் அவருடைய முதல் கேள்வி மாறாது. தமிழர் என்றால், "அடையாளம் சொல்லு." தெலுங்கர் என்றால், "குர்து செப்பண்டி."

ஐயோ, அதற்கு வந்த பதில்கள்! பிரிந்த பதற்றத்தில் மனிதர்களுக்கு எதுவும் நினைவுக்கு வருவதில்லை. "எங்கம்மா மாதிரியே இருப்பாங்க" என்று ஒருவன் சொன்னான். "கூப்பிட்டா கோவமா திரும்பிப் பாப்பாரு" என்று ஒருத்தி சொன்னாள். மலையிலிருந்து இறங்கியவர்கள் எல்லாம் "மொட்டைத் தலை" என்றுதான் ஆரம்பிப்பார்கள். ஆதி கையை உதறுவார்.

"மொட்டைய உட்டுட்டு வேற சொல்லும்மா. இந்த ஊர்ல அது ஒரு அடையாளமா?"

அப்படிப்பட்டவருக்கு ஒரு வருஷம் பங்குனியில் தொண்டை வீங்கியது. குரல் போயே போயிற்று. பஸ் நிலையத்தில் டைம் கீப்பராக இருந்த தேவானந்தம்தான் அவரைத் தன் சொந்த ஊரான சித்தூருக்கு அழைத்துப்போய் ஆஸ்பத்திரியில் காட்டினார். "பேசாதே, திரும்பி வந்தால் வரும்" என்றார் டாக்டர். மாதக்கணக்கில் ஆதிநாராயணன் நகரி வீட்டு வாசற்படியில் ஊமையாக உட்கார்ந்திருந்தார். பேச்சே பிழைப்பாக இருந்த ஆண்மகன், தண்ணீர் வேண்டுமென்றால் சொம்பைத் தட்டிக் காட்டிய கொடுமையை அவர் மனைவி வரலட்சுமி தினமும் பார்த்தாள். இடுப்புக்குக் கீழே தொங்கும் பின்னலின் நுனியால் கண்ணைத் துடைத்துக்கொள்வாள்.

ஆடியில் குரல் திரும்பியது. மாத்திரையால் வந்தது என்றார் ஆதி. சித்தூரில் தங்கள் சபையார் கூடி ஜெபித்ததால் வந்தது என்றார் தேவானந்தம். வரலட்சுமி மட்டும் ஒன்றும் சொல்லவில்லை.

மறு வருஷம் புரட்டாசி. அந்தச் சனிக்கிழமை அவளும் அவரோடு முதல் பஸ்ஸில் வந்திருந்தாள். அன்றைக்கு மலைக்குப் போயே தீர வேண்டும், இருவரும் சேர்ந்து போக வேண்டும் என்று ஒரு மாதமாகவே சொல்லிக்கொண்டிருந்தாள். எதற்கு என்று அவர் கேட்கவில்லை. மலைக்கு எதற்குப் போவார்கள், சாமி கும்பிடத்தானே என்று இருந்துவிட்டார்.

கிளம்பும் நேரத்தில் சங்கச் செயலாளர் நாகபூஷணம் ஒரு பலகையோடும் பெயின்டரோடும் வந்து சேர்ந்தார். பலகையில் சங்கத்தின் படம்: ஒரு கை இன்னொரு கையைப் பற்றியிருக்கும். தொண்டர்கள் சட்டையில் குத்தியிருக்கும் வில்லையிலும் அதே படம். அதற்குக் கீழே தமிழில் ஒரு வரி வேண்டுமாம். 'இந்த இன்னது அணிந்தவர்களிடம் உதவி கேளுங்கள்.' அந்த இன்னது என்ன என்பதுதான் கேள்வி.

"சின்னம்னு போடுய்யா, தீந்துது" என்றார் தேவானந்தம். அவர் பைபிள் தமிழில் வளர்ந்தவர். அகராதி புரட்டுவது அவருக்குப் பலகாரம் தின்பது மாதிரி.

"சின்னமா? ஓட்டுக் கேக்க வந்துக்கிறாங்கன்னு ஜனம் தெறிச்சி ஓடும் சார்" என்றார் ஆதி.

"ஓட்டு நேத்து வந்தது. இது பழைய சொல்லு. சமஸ்கிருதத்துல சிஹ்னம், தெலுங்குல இன்னிக்கும் சிஹ்னம். நம்ம வாய்க்கு வந்து தேஞ்சி சின்னம் ஆச்சு."

"அப்போ பெருமாளுக்கு முன்னாடி ஊதிக்கினு போறாங்களே, அதுக்குத் திருச்சின்னம்னு பேரு. அது ஊதற கொழலாச்சே?"

தேவானந்தம் தலையைச் சொறிந்தார். "சாமி வராருன்னு காட்டறதால இருக்கலாம்... தெரியலய்யா."

வாசலில் வரலட்சுமி வந்து நின்றாள். "மலை பஸ் நிக்குது."

"தோ வந்துட்டேன்" என்றார் ஆதி. திரும்பாமலே, "முத்திரைன்னு போட்டா இன்னா சார்?" என்றார்.

"அதுவும் வடக்கேருந்து வந்ததுதான். முத்ரா."

"தபாலாபீஸ்ல டம்முனு குத்தறதும் முத்திரை, நாட்டியக்காரி வெரல்ல காட்டறதும் முத்திரை. ரெண்டும் எப்படி சார் ஒண்ணாச்சு?"

"ரெண்டும் ஒரு வடிவத்தைக் காட்டுதே. வேணாம், இலச்சினைன்னு போடு. ராஜாக்கள் ஓலைக்கு வைக்கிறது. லாஞ்சனம்ன்ற சொல்லுலேர்ந்து வந்துதுன்னு ஒருத்தர் சொல்றார், லட்சணத்துலேர்ந்து வந்துதுன்னு இன்னொருத்தர்."

நாகபூஷணம் துள்ளி எழுந்தார். "லாஞ்சனமா? எங்கள்ல கல்யாணத்துக்கு மாப்ள வூட்டுக்குச் செய்யற சீரத்தானே லாஞ்சனாலுன்னு சொல்றோம்! அது போர்டுல எந்துக்கு?"

பெயின்டர் தூரிகையைக் காதில் சொருகிக்கொண்டு பீடி பற்ற வைத்தான்.

"பஸ் ரொம்பிக்கினு இருக்குதுய்யா" என்றாள் வரலட்சுமி.

"தோ, தோ. சார், குறின்னு ஒண்ணு இருக்குதே?"

"நம்ம சொந்தச் சொல்லு! தெலுங்கு குர்து, கன்னட குருது, எல்லாம் ஒரு வயித்துப் பிள்ளைங்க" என்றார் தேவானந்தம் உற்சாகமாக.

"நல்ல பிள்ளைங்க சார். குறின்னு போட்டா, குறி சொல்றவங்கன்னு கைய நீட்டிக்கினு ஜனம் வரிசையில நிக்கும். சரி, நான் நாள்பூரா சொல்றேனே அடையாளம், அது எங்கேருந்து வந்துது?"

தேவானந்தம் விரலால் காற்றில் எழுதிப் பார்த்தார். "முன்னாடி அடைன்னு ஒண்ணு நிக்குது. பின்னாடி ஆளம்னு ஒரு வால். எதை அடையறது, யாரு அடையறதுன்னுதான்..."

ஆதி மலைத்துப்போனார். வருஷக்கணக்காக அந்தச் சொல்லைச் சொல்லித்தான் சோறு தின்கிறார். அது எங்கே பிறந்தது என்று அவருக்கும் தெரியவில்லை, படித்தவருக்கும் தெரியவில்லை.

"நான் முன்னாடி போறேன்யா" என்று வாசலில் ஒரு குரல் கேட்டது.

"ஆங், ஆங்" என்றார் ஆதிநாராயணன்.

உச்சி வெயிலில்தான் நாக்கைக் கடித்துக்கொண்டார். வெளியே ஓடினார். அவள் உட்கார்ந்திருந்த பெஞ்சில் வேறு யாரோ கட்டுச்சோற்றைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். போகிறேன் என்றாளா? எங்கே போகிறேன் என்றாள்? தான் என்ன பதில் சொன்னோம்? காலையில் நடந்தது எதுவுமே தெளிவாக நினைவில் இல்லை. சினிமாப் பலகையைப் பார்த்தபடியே வேறு ஊர் பஸ்ஸில் ஏறிவிடுகிறவள் அவள். சேர்ந்துதான் மலைக்குப் போக வேண்டும் என்றவள் தனியாக மலையேற மாட்டாள்; தனியாகப் புத்தூர்ச் சந்தைக்குக்கூடப் போனதில்லை.

"நகரி பஸ்ல ஏறினாளா? ஏர்பேடு பஸ்ஸா?" கன்டக்டர்களைக் கேட்டார். "யாரு?" என்று கேட்டார்கள். "என் பொண்டாட்டி" என்றால், "எப்படி இருப்பாங்க?" என்றார்கள்.

தேவானந்தம் அவரை இழுத்துவந்து மைக்கின் முன்னால் உட்கார வைத்தார். "சொல்லுய்யா. அடையாளம் சொல்லு."

"புடவை... பச்சை. இல்ல சார், நீலம். கெளம்பறப்போ இருட்டு."

"மூக்குத்தி?"

"இருக்குது."

"எந்தப் பக்கம்?"

ஆதி தன் மூக்கின் வலப்பக்கத்தைத் தொட்டார். பிறகு இடப்பக்கத்தை. அவள் எதிரே நின்றால் தன் வலக்கைப் பக்கம். அப்படியானால் அவளுக்கு அது இடப்பக்கமா? விரல் மூக்கின் மேல் அங்குமிங்கும் அலைந்தது. கண்ணில் நீர் கட்டிக்கொண்டது.

"என்னய்யா, கல்யாணமாகி எவ்ளோ வருஷம் ஆவுது?"

"முடி!" என்று கத்தினார் ஆதி. "முடி சார்! இடுப்புக்குக் கீழே தொங்கும். நகரியிலேயே அவளுக்குத்தான்!"

அன்று பிற்பகல் முழுக்க வேப்பமரத்துக் குழாய் அதையே கூவிக்கொண்டிருந்தது. நகரி வரலட்சுமி, இடுப்புக்குக் கீழே நீண்ட முடி, எங்கிருந்தாலும் வரவும். தமிழில் ஒரு தடவை, தெலுங்கில் ஒரு தடவை. வில்லை குத்திய தொண்டர்கள் பின்னல் தொங்கும் பெண்களை எல்லாம் நிறுத்திப் பெயர் கேட்டார்கள். ஓரிருவர் திட்டினார்கள்.

நான்கு மணிக்கு மேல் மலையிலிருந்து இறங்கிய ஒரு பஸ்ஸிலிருந்து அவள் இறங்கினாள். முந்தானையால் தலையை மூடியிருந்தாள். கழுத்தோரம் சந்தனம் வழிந்து காய்ந்திருந்தது. படிக்கட்டில் கால் வைக்கும்போதே அந்தக் குரல் கேட்டது. தன் பெயரைக் கேட்டதும் ஓடத்தான் பார்த்தாள். அடுத்தாற்போல் "இடுப்புக்குக் கீழே நீண்ட முடி" என்று வந்தது.

கால் நின்றுவிட்டது.

கை தானாகத் தலைக்குப் போனது. முந்தானைக்குள்ளே சொரசொரவென்று இருந்தது. அந்த மனிதர் தேடுகிறவள் யார்? காலையில் முடியிறக்கும் கல்யாணக்கட்டையில் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்தாளே, அவளா? அவள் இனி இல்லையே. அப்படியென்றால் இங்கே நிற்கிற நான் யார்? கூப்பிடுகிற குரலுக்குப் போவதா, நிற்பதா? பேதைப் பெண் தூணைப் பிடித்துக்கொண்டு, குழாய் திரும்பத் திரும்ப எவளையோ கூப்பிடுவதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். அப்புறம் மெல்ல ஒரு கோபம் வந்தது. நேராகத் தகர அறையின் முன்ஜன்னலுக்குப் போனாள்.

அங்கே உட்கார்ந்திருந்தது மல்லிகா. அன்று காலைதான் தொண்டாக வந்த கல்லூரிப் பெண். வந்தவர்கள் சொல்வதைக் கேட்டு அவள் உள்ளே குரல் கொடுப்பாள். உள்ளறையில் மைக்கோடு இருக்கும் ஆதி அதை அப்படியே அறிவிப்பார்.

"அண்ணா, ஒரு அம்மாவோட ஊட்டுக்காரரைக் காணோமாம்!"

ஆதி முகத்தைத் துடைத்துக்கொண்டார். தன் துக்கம் தனக்கு. ஆனாலும் வேலை வேலைதான். "அடையாளம் கேளும்மா" என்றார்.

"வயசு நாப்பத்தஞ்சு. ஒல்லியா, கூனினாப்ல இருப்பாராம்."

"வயது நாற்பத்தைந்து, ஒல்லியாக, சற்றுக் கூனியபடி இருப்பார்" என்றது குழாய்.

"எடது புருவத்து மேல தழும்பு. தறியில குறுக்க ஓடற நாடாக்கட்ட பாஞ்சி பட்டதாம்."

நம்ம ஊர்ப்பக்கத்துக்காரன் போலிருக்கிறது, பாவம் என்று நினைத்தபடி ஆதி அறிவித்தார். கை இடது புருவத்தைத் தடவிக்கொண்டது. எதிர் டீக்கடையில் ஒருவர் தம்ளரைக் கீழே வைத்தார்.

"சட்டைப் பொத்தானை எப்பவும் ஒண்ணு மாத்திப் போட்டுக்குவாராம். ஒரு பக்கம் ஏறி ஒரு பக்கம் எறங்கி இருக்குமாம்."

அதையும் சொன்னார். வெளியே யாரோ சிரித்தார்கள். ஆதி குனிந்து தன் சட்டையைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார்.

"அப்புறம்... பேச்சு கெடச்சிட்டா பொண்டாட்டி வாசல்ல நிக்கிறத மறந்துடுவாராம். 'தோ, தோ'ன்னே சொல்லிக்கினு இருப்பாராம். அண்ணா? அண்ணா, சொல்லுங்க!"

குழாயில் சத்தம் இல்லை. பஸ் நிலையமே சிரித்துக்கொண்டிருந்தது.

ஆதிநாராயணன் கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தார். ஜன்னலைச் சுற்றிலும் கூட்டம். சந்தனம் பூசிய மொட்டைகள், முந்தானை போட்ட தலைகள். அவருடைய கண் ஒவ்வொரு முகமாகப் பாய்ந்தது. அவளையும் பார்த்தது. பார்த்துவிட்டு, பின்னலைத் தேடிக்கொண்டு, அவளைத் தாண்டிப் போயிற்று.

தாண்டிப் போனதை வரலட்சுமி பார்த்தாள். சிரிக்கலாம் என்று வந்தவளுக்கு உதடு கோணிக்கொண்டது.

"இந்தாய்யா" என்றாள்.

அவர் திரும்பினார். குரல் அவளுடையது. முகம்... முகமும் அவளுடையதுதான். ஆனாலும் இது எப்படி?

"வரலட்சுமி... முடி எங்க?"

"உன் தொண்டைக்குள்ள இருக்குது."

அவருக்கு விளங்கவில்லை. அவள் சொல்லச் சொல்லத்தான் ஒவ்வொன்றாக உள்ளே இறங்கியது. சொம்பைத் தட்டிக் காட்டிய நாட்கள். குரல் வந்தால் முடி தருகிறேன் என்று மலையப்பனிடம் ஒருத்தி பேசிக்கொண்டது. மலை ஏறும்போது பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லலாம் என்று ஒரு மாதமாகக் காத்திருந்தது. அவள் கொடுத்து வாங்கித் தந்த குரலை வைத்துத்தான் அவர் அன்று முழுக்க அந்த முடியைக் கூவித் தேடியிருக்கிறார்!

தொண்டை மறுபடியும் அடைத்துக்கொண்டது. இந்த முறை மாத்திரைக்கு அது அடங்காது.

தேவானந்தம் வந்து இருவரையும் நகரி பஸ்ஸில் ஏற்றிவிட்டார். பலகையைக் கடந்துதான் போனார்கள். பெயின்டர் படத்தை மட்டும் முடித்துவிட்டுப் போயிருந்தான். ஒரு கை, இன்னொரு கை. கீழே எழுத வேண்டிய இடம் வெறுமையாக இருந்தது.

ரேணிகுண்டா தாண்டும்வரை அவர் அவளைத் திரும்பித் திரும்பிப் பார்த்தார். யாரோ அந்நியப் பெண்ணின் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டோமோ என்று ஒரு கணம் கூசுவார். அவள் முந்தானையை இழுத்துவிடும் விதத்தைப் பார்த்து அடுத்த கணம் ஆறுதல் கொள்வார். மூக்குத்தி இடப்பக்கம். புடவை பச்சையுமில்லை, நீலமுமில்லை, அரக்கு. காலையில் பக்கத்திலேயே உட்கார்ந்து வந்தவளின் புடவை நிறம்கூட அவருக்குத் தெரிந்திருக்கவில்லை.

"இன்னாய்யா அப்படிப் பாக்கற?"

"ஒண்ணுமில்ல."

"சரி, இப்போ நான் காணாமப் பூட்டேன்னு வச்சிக்க. மைக்குல இன்னான்னு சொல்லுவ?"

ஆதி வாயைத் திறந்தார். அரக்குப் புடவை என்று சொல்லலாம். நாளைக்கு வேறு கட்டுவாள். முடி என்று சொல்ல முடியாது. வளர்ந்தாலும் இனி அவருக்கு அதைச் சொல்ல நா எழாது. கோபம் வந்தால் உதடு கோணும் என்று சொல்லலாமா? அதைக் கேட்டு எந்தக் கன்டக்டர் கண்டுபிடிப்பான்? வடமாலைப்பேட்டை வந்தது, போயிற்று. அவள் காத்திருந்தாள். அவர் ஆரம்பிப்பார், நிறுத்துவார். ஊராரின் அடையாளத்தையெல்லாம் கேட்டுக் கேட்டுக் கூவிய மனிதருக்குச் சொல் எதுவும் கிடைக்கவில்லை.

புத்தூரில் பஸ் நின்றது. பாதி ஜனம் இறங்கியது. நெரிசலில் அவள் கை எங்கே என்று இருட்டில் துழாவிப் பிடித்துக்கொண்டார்.

"நீ காணாமப் பூடாதே" என்றார்.