தலைக்கு மேலே ஒரு பபூன்

யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம். கடற்கரை ஊர்களில் இரவில் விளக்கேற்றக் கூடாதென்று இருட்டடிப்பு உத்தரவு இருந்ததால், கட்டுமாவடியில் எங்கள் நாடகத்தைப் பட்டப்பகலில் போட வேண்டியதாயிற்று. நான் பபூன். எனக்கு ஜோடி, ஸ்திரீபார்ட் போடும் ஓர் ஆண். ஆறடி உயரம், சிலம்பம் சுற்றிய உடம்பு. ஆனால் டோப்பா என்கிற பொய்முடியைத் தலையில் வைத்துவிட்டால் அதைக் கழற்றும்வரை நாங்கள்கூட அவரை 'அம்மா' என்றுதான் கூப்பிட வேண்டும். டோப்பா இல்லாத அவரை மேடையில் ஒருவரும் பார்த்ததில்லை. அதில் அவருக்கு அத்தனை பெருமை.

ரங்கூனிலிருந்து தப்பி வந்த எங்கள் ஆர்மோனியக்காரர், அங்கே வெள்ளைக்கார சோல்ஜர்கள் ஆடிய ஸ்விங் டான்ஸைச் சொல்லி ஆசை காட்டினார். ஆட்டத்தின் நடுவே ஜோடியைத் தலைக்கு மேல் தூக்கிச் சுழற்ற வேண்டுமாம். ஒத்திகையில் முதலில் நான்தான் தூக்கினேன். தூக்கினேன் என்பது மரியாதைக்குச் சொல்வது. என் ஜோடியின் கால் நகரவில்லை. என் இடுப்புதான் நகர்ந்தது.

"தள்ளு மாப்ளே, நான் தூக்குறேன். நீ குதி, போதும்" என்றார்.

மேலே போனதும் உடம்பை விறைப்பாக வைத்து, இரண்டு கைகளையும் விரிக்க வேண்டும். எதையும் பிடிக்கக் கூடாது. நானோ ஒவ்வொரு முறையும் அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டேன்.

"யோவ், பல்லி மாதிரி ஒட்டாதய்யா. மூச்சு முட்டுதுல்ல?"

"கீழ விட்டுட்டீங்கன்னா?"

"விட்ட பெறகு கேளு."

நாடகத்தன்று பாட்டு வேகமெடுத்தது. குதித்தேன். மேலே போனேன். அங்கிருந்து கடல் தெரிந்தது. கடல் தெரியும் உயரத்தில் நான் இருக்கிறேன் என்று புரிந்ததும், இருந்த கொஞ்ச தைரியமும் போய்விட்டது. கைக்கு அகப்பட்டதைப் பிடித்தேன். அகப்பட்டது டோப்பா. அது என்னோடு வந்துவிட்டது.

பட்டுச் சேலைக்கு மேலே, வெயிலில் பளபளவென்று வழுக்கை. கூட்டம் கொல்லென்று சிரித்தது.

"ஆத்தாடி! இங்கிட்டு பாருங்கடி, பொம்பளைக்கு மொத்த முடியும் கொட்டிருச்சு!" என்று ஒருத்தி கத்தினாள்.

முந்தானையை இழுத்துத் தலையை மூட அவருக்குக் கை வேண்டும். இரண்டு கைகளும் என் இடுப்பில் இருந்தன. இதோ கீழே போடப்போகிறார் என்று கண்ணை இறுக மூடினேன். பிடி இறுகியதே தவிர தளரவில்லை. அதே பெண்குரலில் பாட்டை முடித்து, பாக்கி இரண்டு சுற்றையும் சுற்றி, தொட்டில் பிள்ளையை இறக்குவதுபோல் என்னை இறக்கினார். அதற்குப் பிறகுதான் முந்தானை தலைக்குப் போயிற்று.

திரைக்குப் பின்னால் டோப்பாவை நீட்டியபடி நின்றேன்.

"முடி கெடக்கு மாப்ளே. கழுத்து ஒடிஞ்சா ஒங்க வீட்டுக்கு யாரு பதில் சொல்றது?" என்றவர், கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தார். "அடுத்த தடவ மூக்கப் புடி. அது கழலாது."

பயத்தில் நான் அவருடைய மானத்தையே பிடுங்கிக்கொண்டு தொங்கிய அந்த நிமிடத்திலும் என்னை விடாத அந்தக் கைகளை நினைத்தால், எவ்வளவு கோபம் வந்தாலும், என்னை நம்பிய ஒருவரைப் பாதியில் விட இன்றுவரை எனக்கு மனம் வருவதில்லை.