இனி ஒத்தக்கடை வழியாகவே திருவாதவூர்: ஒரு சைலன்சரைத் தேடிப் போன சனிக்கிழமை

முதலில் ஒரு மன்னிப்பு. மாட்டுத்தாவணியிலிருந்து திருவாதவூர் போக, கால்வாய்க் கரையோரமாகச் சுற்றிப் போகும் 31 கி.மீ. பாதையை இங்கே இரண்டு முறை சிபாரிசு செய்திருக்கிறேன். வயல் காற்று, நெரிசலே இல்லை என்றெல்லாம் அளந்துவிட்டிருந்தேன். உண்மைக் காரணம் வேறு. நேர்வழியில் ஒத்தக்கடைப் பக்கம் போலீஸ் நிற்கும். என் கார் போடுகிற சத்தத்துக்கு நிறுத்தாமல் விடமாட்டார்கள். நேர்வழி வெறும் 20 கி.மீ.தான். என்னை நம்பிச் சுற்றிப் போனவர்கள் தாராளமாகத் திட்டிக்கொள்ளலாம்.

இரண்டு வருடத்துக்கு முன் அலங்காநல்லூர்ப் பையன் ஒருவனிடம் வாங்கிய பழைய டீசல் கார் இது. எங்கள் குடும்பத்தில் சொந்தமாகக் கார் வாங்கிய முதல் பெண் நான். அதுவும் கல்யாணம் ஆகாதவள், பள்ளிக்கூட ஆபீசில் கிளார்க். "உனக்கெதுக்கு கார்?" என்று கேட்ட அத்தனை பேர் வாசலிலும் நிறுத்தி ஹாரன் அடித்துவிட்டுத்தான் வந்தேன்.

பையன் லேப்டாப்பைச் சொருகி இன்ஜின் பவரைக் கூட்டியிருந்தான். அகலச் சக்கரம், உறுமுகிற சைலன்சர். மேலூர் சாலையில் ஒரு மிதி மிதித்தால் முதுகு சீட்டோடு ஒட்டிக்கொள்ளும். பிடித்திருந்தது, பொய் சொல்ல மாட்டேன். ஆனால் இரண்டு வருடத்தில் கிளட்ச் பிளேட் இரண்டு முறை போனது. மேடேறினால் பின்னால் வருகிறவர் முகத்தில் கரும்புகை. எல்லாவற்றையும் விட, காக்கிச் சட்டையைக் கண்டாலே சந்துக்குள் ஒதுங்குகிற பிழைப்பு. யாரையும் கேட்காமல் ஊர் சுற்றத்தான் கார் வாங்கினேன். கடைசியில் ஒவ்வொரு முக்கிலும் பயந்து பயந்து ஓட்டிக்கொண்டிருந்தேன்.

இந்த மாதத்தோடு வண்டிக்குப் பதினைந்து வயது. ஆர்டிஓ ஆபீசில் காட்டி ஆர்சியைப் புதுப்பிக்காவிட்டால் வண்டியை ரோட்டில் எடுக்க முடியாது. சக்கரத்தையும் இன்ஜின் வேலையையும் போன மாதமே பழையபடி மாற்றிவிட்டேன். பாக்கி சைலன்சர். இந்த மாடலுக்குப் புதிது கிடைக்கவில்லை. தம்பிதான் வழி சொன்னான்.

"அக்கா, திருவாதவூர்ல ஒரு வெல்டர் ஒரிஜினல் சைலன்சர வாடகைக்குத் தாராரு. இன்ஸ்பெக்சனுக்கு மாட்டு, மறுநாள் கழட்டிக் குடுத்துரு. எல்லாரும் அப்படித்தான் செய்றாங்க."

நானும் சரியென்று தலையாட்டினேன். திங்கட்கிழமை இன்ஸ்பெக்சன். சனிக்கிழமை கிளம்பினேன்.

காலை 6.10, மாட்டுத்தாவணி. பூ மார்க்கெட் வாசலில் மல்லிகை மூட்டை இறக்கிக்கொண்டிருந்தவர்கள் என் வண்டிச் சத்தத்துக்குத் திரும்பி முறைத்தார்கள். அன்றும் கால்வாய்க் கரைதான். 7.20-க்குத் திருவாதவூர். மூன்று இட்லி, ஒரு வடை, டீ, ஐம்பது ரூபாய். சட்னி சுமார்.

தம்பி போனில் சொல்லி வைத்திருந்ததால் வெல்டர் பாண்டி அண்ணன் பட்டறை வாசலிலேயே நின்றார்.

"வாங்க டீச்சர். நீங்க வாரது ஒரு கிலோமீட்டருக்கு முன்னாடியே தெரிஞ்சிருச்சு."

நான் டீச்சர் இல்லை என்று சொல்வதை விட்டுப் பல வருடமாகிறது. சுவரில் சாக்பீசில் ஒன்பது கார் நம்பர்கள் எழுதி வைத்திருந்தார். "இம்புட்டு வண்டியும் இத மாட்டித்தான் பாஸாச்சு" என்றபடி உள்ளே இருந்து சைலன்சரைத் தூக்கி வந்தார். அதன் வயிற்றில் மஞ்சள் பெயிண்டில் 4417.

அது என் வண்டி நம்பர். அலங்காநல்லூர்ப் பையனுக்கு எல்லாவற்றிலும் நம்பர் எழுதுகிற பழக்கம். என் ஜாக்கியிலும் ஸ்டெப்னியிலும் இதே மஞ்சள், இதே கோணல் நான்கு.

"அண்ணே, இது என் வண்டியோடது."

"இருக்கும். அந்தப் பையன்தான் போட்டுட்டுப் போனான். அதுக்கென்ன இப்ப?"

எனக்குச் சுர்ரென்று ஏறியது. என் சைலன்சரை மாட்டிக்கொண்டு ஒன்பது பேர் இன்ஸ்பெக்சனில் நல்ல பிள்ளையாக நின்றிருக்கிறார்கள். நான் இரண்டு வருடமாகக் கால்வாய்க் கரையில் பதுங்கிக்கொண்டிருந்தேன். பத்தாவது நம்பராக அந்தச் சுவரில் ஏற எனக்கு மனமில்லை.

"வாடகை வேணாம்ணே. விலைக்குக் குடுங்க."

"அது ஆகாது டீச்சர். அடுத்த வாரமே ரெண்டு வண்டி வருது. இத நம்பி இருக்காக."

"அவங்க சைலன்சர அவங்க தேடிக்கிறட்டும்."

"ஒரு நாள் சோலிக்கு எதுக்கு அம்புட்டு செலவு?"

"ஒரு நாளைக்கு இல்லண்ணே. இது இனிமே வண்டிய விட்டு இறங்காது."

அரை மணி நேரம் மல்லுக்கட்டினோம். மாட்டுகிற கூலியோடு நாலாயிரம். என் வண்டிச் சாமானை நானே காசு கொடுத்து வாங்கினேன்.

துருப்பிடித்த போல்ட்டுகளைக் கழற்ற இரண்டு மணி நேரம் ஆனது. அந்த நேரத்தில் போனில் எழுதி வைத்தது இது. பழைய கார் வாங்குகிறவர்கள் ஆர்சியையும் கம்பெனி கையேட்டையும் கையில் வைத்துக்கொண்டு வண்டியைச் சுற்றி வாருங்கள். நிறம், இன்ஜின் நம்பர், டயர் அளவு, சைலன்சர் எல்லாம் ஒத்துப்போக வேண்டும். மாற்றியிருந்தால், கழற்றிய ஒரிஜினல் எங்கே என்று கேட்டு, அதைக் கையில் வாங்கிய பிறகு பணம் கொடுங்கள். பவர் கூட்டிய வண்டியென்றால் கிளட்ச் செலவை முதலிலேயே எடுத்து வையுங்கள். சொல்லாமல் செய்த மாற்றத்தைக் காட்டி இன்சூரன்சில் கைவிரிக்கவும் வாய்ப்புண்டு. (திங்கட்கிழமை வண்டி தேறிவிட்டது, கவலை வேண்டாம்.)

கழற்றிய உறுமல் சைலன்சரைப் பாண்டி அண்ணன் ஆசையாகத் தடவினார். "நல்ல வெலைக்குப் போகும் டீச்சர்." பாதியாக அறுக்கச் சொன்னேன். அறுத்து முடிக்கும்வரை நகரவில்லை.

சாவியைத் திருகினேன். சத்தமே இல்லை. ஸ்டார்ட் ஆகவில்லையென்று இன்னொரு முறை திருகியதில் கரகரவென்றது. "ஓடிக்கிட்டுத்தான் இருக்கு!" என்று அவர் கத்தினார்.

திரும்பும்போது ஒத்தக்கடை வழிதான். 11.40-க்குப் போலீஸ்காரர் கை காட்டினார். பழக்க தோஷம், ஒதுங்கச் சந்து இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் ஓரங்கட்டினேன். ஆர்சியையும் இன்சூரன்சையும் பார்த்தார், "போங்கம்மா" என்றார். இரண்டு வருடம் பயந்தது இந்த ஒரு நிமிடத்துக்கு.

அரை கிலோமீட்டர் போய் வண்டியைத் திருப்பினேன். அவர் முன்னாலேயே போனேன். மறுபடி திருப்பி வந்தேன். இந்த முறை அவரே சாலைக்கு இறங்கி வந்தார்.

"என்னம்மா, வழி தெரியலையா?"

"தெரியும் சார். இனிமே இந்த வழியாத்தான் போவேன்."